வாசமில்லாத களிம்பு

காய்ந்த தேயிலை பக்கத்தில் இருக்கிற எதையும் குடித்துவிடும். ஈரத்தைக் குடிக்கும், வாசத்தையும் குடிக்கும். ஒரு முழம் மல்லிகையைத் தேயிலைப் பெட்டிக்குள் போட்டு மூடி வைத்தால், மறுநாள் பூவில் மணம் இருக்காது, தேயிலையில் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால், ஒரு சின்னத் தகர டப்பாவுக்காக ராக்கம்மா ஏன் அப்படி நடுங்கினாள் என்று உங்களுக்கு விளங்காது. அசட்டுப் பெண் என்று நினைத்துவிடுவீர்கள். அவள் அசடு இல்லை.

குன்னூருக்குக் கீழே கல்மட்டம் எஸ்டேட் ஃபேக்டரியில் காம்பு பொறுக்கும் அறை ஒன்று இருந்தது. நீளமான மேஜை, அதன் மேல் தகரத் தட்டுகள், தட்டுகளில் உலர்ந்து வந்த தேயிலை. ஆறு பெண்கள் உட்கார்ந்து காம்பையும் நாரையும் விரலால் பொறுக்கி எடுப்பார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை கை தேயிலைக்குள்தான். மற்ற மாதங்களில் அதனால் ஒன்றுமில்லை. தை மாதம் உறைபனி விழ ஆரம்பித்தால்தான் வினை. வெளியே பனி கையை வறட்டும். உள்ளே தேயிலை மிச்ச ஈரத்தையும் உறிஞ்சும். எழுபத்தாறாம் வருஷத்துத் தையில் ராக்கம்மாவின் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓரம் வெடித்துப் பிளந்தன. விரலை மடக்கினால் வெடிப்பு வாய் திறந்தது. உள்ளே சிவப்பாகத் தெரிந்தது.

அந்த அறை வாசலில் தினமும் ஒரு சோதனை உண்டு. காலை ஏழரை மணிக்கு டீமேக்கர் மாரிச்சாமி நிலைப்படியில் நிற்பார். ஃபேக்டரியில் தேயிலை உருவாகும் ஒவ்வொரு கட்டத்துக்கும் அவர்தான் பொறுப்பு. பெண்கள் ஒவ்வொருவராக இரண்டு உள்ளங்கைகளையும் மல்லாத்தி நீட்டுவார்கள். முதலில் கண்ணால் பார்ப்பார்: புண் இருக்கிறதா? பிறகு குனிந்து மூக்கால் பார்ப்பார்: பூ, பவுடர், வெற்றிலை, எண்ணெய், தைலம், எதுவானாலும் வாசம் இருக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் உள்ளே போக முடியாது. தேயிலைக் காட்டுக்குப் போய்க் கொழுந்து எடுக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு அது ஒரு நாள் அலைச்சல். ராக்கம்மாவுக்கு அப்படியில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவள் அவள். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. சமதரையில் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். மேடு ஏற முடியாது. பொறுக்கும் அறை இல்லையென்றால் அவளுக்கு எஸ்டேட்டில் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடு இல்லை. புருஷன் செத்துப்போன பிறகு அவளுக்கும் எட்டு வயது மகள் பாலாமணிக்கும் தலைக்கு மேல் இருந்தது அந்த ஒற்றை அறைத் தகரக் கூரைதான்.

வீடு போவது எப்படி இருக்கும் என்பதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். போன தையில் குன்னூரில் ஏலத்துக்குப் போன ஒரு சரக்கு, தைல வாசம் அடிக்கிறது என்று திரும்பி வந்துவிட்டது. யார் கை என்று மேனேஜர் துரை விசாரிக்கவில்லை. அறையில் இருந்த ஆறு பேரையும் எஸ்டேட்டை விட்டே நிறுத்திவிட்டார். டீமேக்கரைக் கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படி நடந்தால் நீயும் போகலாம் என்றார். ஐந்து பேர் வேறு எஸ்டேட்டுகளில் காட்டு வேலைக்குப் போனார்கள்; இசக்கியம்மாவுக்கு மூட்டு வீங்கி அதுவும் முடியாது. ஒரு மாதத்தில் அவள் வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டார்கள். மழையில் ரோட்டோரம் அவளுடைய பாத்திரங்கள் கிடந்தன. ஒரு குண்டாவில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இசக்கியம்மா உட்கார்ந்திருந்த முக்காலியில்தான் இப்போது ராக்கம்மா உட்கார்ந்திருக்கிறாள்.

"அக்கா, விரலை ஏன் அப்பிடி இறுக்கி வெச்சிருக்கே? காசு ஏதாச்சும் ஒளிச்சு வெச்சிருக்கியா?" என்று பக்கத்து முக்காலி மெட்டில்டா கேட்டாள். மெட்டில்டாவுக்கு எதுவும் கேலிதான். வாய் ஓயாது, ஆனால் கை அதைவிட வேகமாக ஓடும்.

ராக்கம்மா மேஜைக்குக் கீழே விரலைப் பிரித்துக் காட்டினாள்.

மெட்டில்டாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஐயோ, ஏசுவே. தேங்காய் எண்ணெய் வெச்சயா?"

"பாட்டில்ல கல்லாட்டம் உறைஞ்சு கெடக்குது. உருக்கி வெச்சா வாசம் போக மாட்டேங்குது."

"வெளக்கெண்ணெய்?"

"அது இன்னும் நாறுது."

"மெழுகுவர்த்தி உருக்கி ஊத்திக்கோ. எங்க சித்தி குதிங்காலுக்கு ஊத்தும்."

"ஊத்திப் பாத்தேன். மடக்குனா செதில் செதிலா உதிருது. தேயிலையில உழுந்தா என்ன பண்றது?"

மெட்டில்டா நாலு காம்பைப் பொறுக்கிப் போட்டாள். "அப்ப கையக் கழட்டி ஊட்டுல வெச்சிட்டு வா," என்றாள். ராக்கம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் ஏறிக் குன்னூர் பஜாருக்குப் போனாள். அந்த வாரம் முழுவதும் ராத்திரி உறைபனி. எஸ்டேட்டில் பனித் தேயிலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். உறைபனி பட்ட கொழுந்தில் உண்டாகிற மணம் வருஷத்தில் வேறெப்போதும் வராது. ஆறே ஆறு பெட்டி. துரை பெருமையாகக் குன்னூருக்கு அனுப்பும் சரக்கு. திங்கட்கிழமை அதைப் பொறுக்கி, அன்று சாயங்காலமே பெட்டியில் ஆணி அடிக்க வேண்டும். அதற்குள் கை ஆற வேண்டும். ஆறாவிட்டாலும் வெடிப்பாவது மூட வேண்டும்.

கண்ணாடி வைத்த பெரிய கடையில் வெள்ளைக் கிண்ணத்தில் க்ரீம் காட்டினார்கள். விலையைக் கேட்டதும் மூடியைத் திறந்து ஒரு முறை முகர்ந்து பார்த்தாள். ரோஜா. வாங்க முடியாதது நல்லதாகப் போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டு வெளியே வந்தாள். அடுத்த கடையில் பச்சை டப்பா: அதில் சந்தனம். இன்னொன்றில் எலுமிச்சை. ஊரில் உள்ள கம்பெனிக்காரர்கள் எல்லாம் சேர்ந்து, வாசம் இல்லாமல் ஒன்றும் செய்வதில்லை என்று சத்தியம் செய்திருந்த மாதிரி இருந்தது.

கடைசியாக ஷௌகத் அலியின் கடைக்கு வந்தாள். கற்பூர மரம் என்று மலையில் சொல்லும் யூகலிப்டஸின் தைலம், வலி எண்ணெய், தேன், மெழுகு விற்கிற சின்னக் கடை. படியேறும்போதே தைல நெடி கண்ணைக் கரித்தது.

"பாய், கைக்குப் போட ஏதாச்சும் வேணுமுங்க. வாசமே இருக்கக் கூடாதுங்க."

"வாசம் இல்லாமயா? எல்லாரும் வாசமா வேணும்னுதான் கேப்பாங்க தங்கச்சி."

"நான் தேயிலை பொறுக்குறவளுங்க."

அவர் புரிந்துகொண்டு தலையாட்டினார். அவளுடைய விரலை எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். நல்ல மனிதர். "தேன்மெழுகும் வாசலினும் சேத்து நானே உருக்கினது இருக்கு. ஒண்ணும் சேக்கல. காசும் கம்மிதான்," என்று ஒரு ஜாடியைத் திறந்தார். மேஜை மேலிருந்த கரண்டியைத் துணியில் துடைத்து, வழித்து, ஒரு தகர டப்பாவில் அடைத்துக் கொடுத்தார். ராக்கம்மா முகர்ந்து பார்த்தாள். தைல வாசம்தான் வந்தது. ஆனால் அந்தக் கடையில் அவளுடைய முந்தானை முதல் வெளியே நின்ற கழுதை வரைக்கும் தைல வாசம்தான் வந்தது.

"கடை வாசம்மா அது. ஊட்டுக்குப் போய்த் திறந்து பாருங்க," என்றார் பாய்.

வீட்டில் பாலாமணி தூங்கிய பிறகு திறந்து பார்த்தாள். அடுப்பில் கற்பூர மரச் சுள்ளி எரிந்துகொண்டிருந்தது. லேசாக வந்த வாசம் சுள்ளியுடையதா, சேலையில் ஒட்டிவந்த கடையுடையதா என்று தெரியவில்லை. களிம்பைத் தொட்டு வெடிப்பில் வைத்ததும் விரல் குளிர்ந்தது. பத்து நாளில் முதல் தடவையாக வலிக்காமல் விரலை மடக்கினாள். அந்தச் சுகத்தில் வேறெதையும் யோசிக்க அவளுக்கு மனம் வரவில்லை. கண்ணுகளா, வலி விட்ட நேரத்தில் யாருக்குத்தான் யோசனை வரும்?

விடியற்காலையில் இன்னொரு முறை தடவிக்கொண்டு, பச்சைத் தண்ணீரில் கழுவினாள். வெளியே புல்லெல்லாம் வெள்ளை. அந்தக் குளிரில் மூக்கும் மரத்துப்போயிருந்தது.

ஃபேக்டரி வாசலில் மாரிச்சாமி கழுத்தைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு நின்றார். ராக்கம்மா கையை நீட்டினாள். வெடிப்புக்குள் மெழுகு இறங்கி மூடியிருந்தது. கண்ணால் பார்த்தார். குனிந்து முகர்ந்தார்.

"ம், போ."

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். உலர்த்தும் இயந்திரம் அடுத்த அறையில். அந்தச் சூட்டில் இந்த அறையும் கதகதவென்று இருக்கும். பனித் தேயிலையை அவள் தட்டில் கொட்டினார்கள். சுருண்டு, கறுத்து, அங்கங்கே வெள்ளி முனையோடு அழகாக இருந்தது. அவள் கை உற்சாகமாக ஓடியது. ஒரு தட்டு முடிந்தது. இரண்டாம் தட்டில் பாதி தாண்டியிருக்கும்.

கை சூடேறியது. அப்போதுதான் அந்த வாசம் எழுந்தது.

முதலில் அடுப்பு என்று நினைத்தாள். பிறகு கடை என்று நினைத்தாள். பிறகு கட்டைவிரலை மூக்கருகே கொண்டுபோனாள்.  பாயின் மேஜையும், அதன் மேலிருந்த கரண்டியும், அவர் அதைத் துடைத்த துணியும் கண் முன்னால் வந்தன. தைலம் அளக்கும் கரண்டி. தைலம் துடைக்கும் துணி.

"என்னக்கா இது, தைலம் காய்ச்சுற கொட்டாயே நடந்து வந்து உக்காந்த மாதிரி இருக்குது?" என்று மெட்டில்டா சிரித்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினாள். "அக்கா... எந்தத் தட்டுல கை வெச்சே?"

"ஒண்ணு முடிச்சுட்டேன். இது பாதி."

"கர்த்தாவே! அவரு மோந்து பாத்துத்தானே உட்டாரு?"

ஆமாம், பார்த்துத்தானே விட்டார்? ராக்கம்மா எழுந்தாள். கோணல் இடுப்பு அன்றைக்குப் பார்த்து இழுத்தது. வாசல் வரை போவதற்குள் ஒரு மலை ஏறியது போல மூச்சு வாங்கியது. மாரிச்சாமி வெளியே எடைப்பலகை அருகில் நின்றார்.  இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினாள்.

"என்ன, மறுபடியும்?" அவர் எரிச்சலோடு குனிந்தார். மூக்கு அவள் விரலைத் தொட்டுவிடும் அளவுக்குக் குனிந்து இழுத்தார். அவளுக்கே கண்ணில் நீர் வரும் நெடி அது.

"ஒண்ணும் இல்லையே. போ, போ. வேலையப் பாரு. நாலு மணிக்கு ஆணி அடிக்கோணும்."

அவள் திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். தேயிலையில் கை வைக்கவில்லை.

"என்னவாம்?" என்றாள் மெட்டில்டா.

"ஒண்ணும் இல்லையாம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெட்டில்டாதான் மெதுவாகச் சொன்னாள்: "மனுசனுக்கு மூக்கு அடைச்சிருக்குது. ரெண்டு நாளா மஃப்ளரோட திரியறாரே, பாக்கலியா நீ? வெளிய சொன்னா அவரு வேலை போயிரும். மூக்கில்லாத டீமேக்கரை வெச்சு யாரு சோறு போடுவா?" பிறகு குரலை இன்னும் தாழ்த்தினாள். "அக்கா, சொல்றதக் கேளு. அவரே ரெண்டு வாட்டி இல்லைன்னுட்டாரு. வாயை மூடிக்கிட்டு இரு. கலந்து போச்சுன்னா யாரு கண்டா?"

ராக்கம்மாவின் மனம் அந்தப் பக்கம்தான் ஓடியது. அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவரே சொன்னார், அவரே சொன்னார் என்று பத்து முறை தனக்குள் சொல்லிக்கொண்டாள். குன்னூரில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து உறிஞ்சிப் பார்க்கிறவருக்கு மூக்கு அடைத்திருக்காதே என்று பதினோராவது முறை தோன்றியது. சரக்கு திரும்பி வரும். துரை விசாரிக்க மாட்டார். ஆறு பேர். மெட்டில்டாவுக்குக் கைக்குழந்தை. எதிரே உட்கார்ந்திருந்த மருதாம்பாளுக்குப் படுக்கையில் கிடக்கும் புருஷன். எல்லோருடைய பாத்திரமும் ரோட்டோரம் கிடப்பது போலவும், ஒவ்வொன்றிலும் மழைத் தண்ணீர் நிரம்புவது போலவும் அவளுக்குத் தெரிந்தது.

சொன்னால் ஒரு வீடு போகும். சொல்லாவிட்டால் ஆறு. அந்த ஒன்று தன்னுடையது என்பதில்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த முந்தானையும் நாறியது. மறுபடியும் எழுந்தாள்.

மாரிச்சாமி பெட்டிகளின் உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, என்ற கையில தைலம் இருக்குதுங்க."

அவர் நிமிரவில்லை. "அதான் பாத்தனே."

"இருக்குதுங்க. உங்களுக்குத் தெரியலீங்க."

அவர் முகத்தில் வந்ததைப் பார்த்து ராக்கம்மா ஓரடி பின்னால் போனாள். கோபம் என்று நினைத்தாள். கோபம் இல்லை. பத்து நாளாகக் கண்ணாடித் துண்டில் தன் முகத்தில் அவள் பார்த்துவந்த பயம் அது.

"யார்கிட்டச் சொன்னே?" என்று கேட்டார். 

"யார்கிட்டயும் இல்லீங்க. மெட்டில்டாவுக்குத் தெரியுமுங்க. ஒரு தட்டும் பாதித் தட்டும் கெட்டுப்போச்சுங்க. நல்லதோட கலந்துட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. என்னைய வேணா நிறுத்திப்போடுங்க. அதை மட்டும் எடுத்துருங்க."

அவர் வாசல் பக்கம் பார்த்தார், துரையின் ஜீப் நிற்கிறதா என்று. "மூணு நாளாச்சு," என்றார். "கோப்பையில ஊத்துனா சுடுதண்ணியாட்டந்தான் இருக்குது. இந்தப் பனித் தேயிலை நல்லா வந்துதா, நாசமாப் போச்சான்னே எனக்குத் தெரியாது. நெறத்தப் பாத்து, தொட்டுப் பாத்து ஓட்டிட்டு இருக்கேன்."

"மெட்டில்டாவுக்கு மூக்கு நல்லா இருக்குதுங்க," என்றாள் ராக்கம்மா.

மெட்டில்டா வந்தாள். மற்றப் பெண்களைச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அவள் தட்டுத் தட்டாகக் குனிந்து முகர்ந்தாள். ராக்கம்மா சுவரோரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தன் கை எதன் பக்கத்திலும் போகக் கூடாது என்று அவளுக்குப் பயம்.

"இது சுத்தம். இது சுத்தம். இது... இல்ல, இதுவும் சுத்தம். அடியாத்தி, என்ன வாசம் ஐயா, பூவாட்டம் இருக்குது." மாரிச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். "இது வேண்டாம். இது வேண்டவே வேண்டாம். மருதாம்பாக்கா தட்டு ஓரத்துல லேசா வருது. பக்கத்துல இருந்ததுல பிடிச்சிருக்கு."

மூன்றையும் சாக்கில் கொட்டி, மாரிச்சாமியே தூக்கிக்கொண்டு போய் உலைக்குள் போட்டார். உலையில் எரிந்ததும் கற்பூர மர விறகுதான். புகைபோக்கியில் எப்போதும் வருகிற புகையே வந்தது. யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. ஆறாவது பெட்டி மட்டும் வாய் வரை நிரம்பாது.

மூன்றரை மணிக்கு ஜீப் வந்தது.

துரை சுருக்கமாகப் பேசுகிறவர். பெட்டிகளைச் சுற்றி நடந்தார். ஆறாவதன் முன்னால் நின்றார். "ஏன் குறையுது?"

 ராக்கம்மா இரண்டு கைகளையும் மடிக்குள் வைத்து அழுத்தியிருந்தாள். பூந்திக்கொட்டையும் சாம்பலும் போட்டு நாலு முறை கழுவியதில் மெழுகு போய் வெடிப்பு திறந்துவிட்டது. ஈரம் கசிவதை உணர்ந்தாள். வேர்வையா ரத்தமா என்று குனிந்து பார்க்கத் தைரியம் இல்லை.

"நாலஞ்சு கிலோ கீழ கொட்டிருச்சுங்க துரை," என்றார் மாரிச்சாமி. "என் கை தவறிருச்சு. தரையில விழுந்ததைச் சேக்க வேண்டாம்னு எரிச்சுட்டேன்."

துரை அவரையே சற்று நேரம் பார்த்தார். பிறகு குனிந்து பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். வாயருகே கொண்டுபோய், உள்ளங்கைக்குள் சூடாக ஊதி, மூக்கை வைத்து இழுத்தார். ஒரு முறை. இன்னொரு முறை.

மெட்டில்டாவின் உதடு ஜபத்தில் அசைந்தது. ராக்கம்மாவுக்கு எந்தச் சாமி பெயரும் ஞாபகம் வரவில்லை. வீட்டுச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்பது மட்டும் ஞாபகம் வந்தது.

துரை தேயிலையைப் பெட்டியில் உதறினார். "ஆணி அடி," என்றார்.

ஜீப் போன சத்தம் வளைவு தாண்டி அடங்கியது. சாயங்காலம் கலையும்போது மாரிச்சாமி ராக்கம்மாவின் கையைப் பார்த்தார். வெடிப்பிலிருந்து ஒரு துளி ரத்தம் விரலோரம் உறைந்திருந்தது. பார்த்தது அவளுக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் போனார். மூக்கு அடைத்திருக்கும் ரகசியம் அவளிடம் இருக்கிற வரைக்கும் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. மூக்கு திரும்பி வரும் நாளில் என்ன சொல்வார்? சளி ஆயுசுக்குமா இருக்கும்? அந்தப் பயத்தை மடியில் கட்டிக்கொண்டு அவள் லைனுக்கு நடந்தாள்.

மெட்டில்டா கூடவே வந்தாள். "அக்கா, நம்ம ஆஸ்பத்திரி கம்பவுண்டர் பிள்ளைங்க வாய்ப்புண்ணுக்குத் தடவ ஒண்ணு குடுப்பாரே, தேனாட்டம் கொழகொழன்னு? அதுக்கு வாசம் உண்டா?"

ராக்கம்மா நடுவழியில் நின்றுவிட்டாள். தீபாவளி சமயத்தில் பாலாமணிக்கு வாய்ப்புண் வந்தபோது கொடுத்த பாட்டில் பலகையில், தீப்பெட்டிக்குப் பின்னால் மூன்று மாதமாக இருக்கிறது. கிளிசரின். குன்னூர் பஜாரெல்லாம் சுற்றியவள், வீட்டுப் பலகையில் கை நீட்டவில்லை.

வீட்டுக்குப் போனதும் மெட்டில்டா பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். தள்ளிப் பிடித்து முகர்ந்தாள். வெளியே போய் நல்ல காற்று இழுத்துவிட்டு வந்து மறுபடி முகர்ந்தாள். "சத்தியமா ஒண்ணும் இல்ல." ஆனாலும் ராக்கம்மா அதை அடுப்புக்கு மேலே பிடித்துச் சூடு காட்டி, இன்னொரு முறை முகரச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் இரண்டு சொட்டு எடுத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, விரலில் தடவித் துணி சுற்றிக்கொண்டு படுத்தாள்.

அந்த வாரம் முழுவதும் காலையில் வாசலில் அதே சடங்கு நடந்தது. பெண்கள் கையை நீட்டினார்கள். மாரிச்சாமி குனிந்து முகர்வது போல முகர்ந்தார். பிறகு வரிசையின் கடைசியில் நிற்கும் மெட்டில்டாவைப் பார்ப்பார். அவள் கண்ணிமையைத் தாழ்த்தினால் சரி என்று அர்த்தம். ராக்கம்மாவின் முறை வரும்போது இருவருமே மூச்சை அடக்கிக்கொண்டார்கள். குன்னூரிலிருந்து பெட்டி எதுவும் திரும்பி வரவில்லை. வராத ஒவ்வொரு நாளும், இன்றைக்கு வருமோ என்று பொழுது சாயும் வரை ரோட்டைப் பார்ப்பாள்.

பத்தாம் நாள் பனி குறைந்திருந்தது. மாரிச்சாமி கழுத்தில் மஃப்ளர் இல்லை. ராக்கம்மா அதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். கால் தயங்கியது. திரும்பிப் போகவும் முடியாது. பின்னால் மருதாம்பாள் நிற்கிறாள். கையை நீட்டினாள். வெடிப்பு கூடியிருந்தது, ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மிச்சம்.

அவர் குனிந்தார். நின்றார். மறுபடி குனிந்து நீளமாக இழுத்தார். மெட்டில்டாவைப் பார்க்கவில்லை.

"காலையில ராகிக் களியா?" என்று கேட்டார்.

ராக்கம்மாவுக்குக் காது அடைத்தது. "ஆமாங்க."

"கடுகு தாளிச்சிருக்கே."

"கைய நல்லாக் கழுவினேனுங்க. சத்தியமாக் கழுவினேனுங்க."

அவர் அவளுடைய விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டுக்குள் என்னென்ன சாமான் இருக்கிறது, எதை முதலில் எடுத்துக் கட்டுவது என்று எண்ணி முடித்துவிட்டாள். குண்டா, பாய், பாலாமணியின் ஸ்கூல் பை.

"என்ன போட்டே இதுக்கு?"

"கிளிசரினுங்க. ராத்திரி மட்டும். காலையில கழுவிப்போட்டுத்தான் வருவேனுங்க."

"வெல அதிகமா?"

"இல்லீங்க. மருந்துக் கடையில சின்ன பாட்டில் வாங்கலாமுங்க. ஒரு டீ, ரெண்டு வடைக் காசுதானுங்க."

மாரிச்சாமி விரலை விட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். "என்ற ஊட்டுல அவளுக்கும் கை அப்பிடித்தான் வெடிச்சுக் கெடக்குது. பாத்திரம் தேய்க்க முடியலீன்னு அழுகறா. சாயங்காலம் பேரை ஒரு சீட்டுல எழுதிக் குடு." நிலைப்படியிலிருந்து ஒதுங்கி வழிவிட்டார். "மறுபடி ஒருக்காக் கழுவிட்டு உள்ள போ. கடுகு வாசம் தேயிலைக்கு ஆகாது."

தொட்டித் தண்ணீர் பனிக்கட்டி போலிருந்தது. ராக்கம்மா முழங்கை வரை கழுவினாள். விரல் வலிக்கவில்லை.  உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்து, தட்டில் தேயிலை கொட்டிய பிறகும் கொஞ்ச நேரம் விரல்கள் ஆடிக்கொண்டே இருந்தன. மெட்டில்டா தன் தட்டிலிருந்து கண்ணெடுக்காமல், அவளுடைய பங்கிலும் காம்பு பொறுக்க ஆரம்பித்தாள்.